ரிஜிஸ்தரில் எனக்கு அப்பாவாக இருந்த கலியண்ணனுக்கு

காதுக்குள் இன்னும் இருமிக்கொண்டே இருக்கிற என் கலியண்ணே,

நான் பாவாடை எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். நீ இருந்திருந்தால், "யார்ரா எழுதிக் குடுத்தான்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாய். யாரும் இல்லை அண்ணே. முதல் ஷிப்டு முடித்து வருகிறவர்களுக்கு நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். ஏழு மாதமாகப் போகிறேன். ‘ஞ’ மட்டும் இன்னும் என் சொல் கேட்பதில்லை. மற்ற எழுத்தெல்லாம் கேட்கிறது.

முந்தாநாள் பஸ்ஸின் நெற்றியில் ‘சேத்தியாத்தோப்பு’ என்று படித்தேன். எவ்வளவு நீளமான பேர், பார்! கடைசி எழுத்துக்கு வருவதற்குள், "ஏறப் போறியா இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினார். "இல்லீங்க, படிச்சிகினு இருக்கேன்" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறுபது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா?

வகுப்பில் ஆளுக்கு ஒன்று எழுதிக் கையெழுத்துப் பத்திரிகையாகத் தைக்கப் போகிறோம் என்றார் டீச்சர். செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, ஆனா எல்லாரும் படிப்பாங்க" என்றார். படிக்கட்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீசில் நான் சொல்ல வேண்டியதும் இதுதான். அதற்கு முன்னால் நீ கேட்க வேண்டும்.

அண்ணிக்கும் இருமல் வந்துவிட்டது அண்ணே. உனக்கு வந்த அதே இருமல்.

இனி கொஞ்சம் பொறுத்துக்கொள். உனக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காகச் சொல்லப் போகிறேன்.

சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலம். நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது போயிற்று, நிலத்தில் வேலை செய்த நமக்கு வேலை போயிற்று. கூலி ஆட்களைச் சேர்த்து மண் சுமக்கக் கூட்டிப் போனவன் நீ. உன் செட்டில் இருபது பேர். சடையன், நான், உன் பெண்டாட்டி பட்டு அண்ணி, என் அஞ்சலை, எல்லாரும் உன் செட்டுதான். காலையில் மண்மேட்டில் கணக்கு எடுப்பவர், "நீ யாரு ஆளு?" என்று கேட்பார். "கலியன் ஆளுங்க" என்போம். அதற்குமேல் எங்களுக்கு வேறு பேர் தேவைப்படவில்லை.

பிறகு சர்க்கார் கம்பெனிக்கு நிரந்தரமாக ஆள் எடுத்தார்கள். வரிசையில் உனக்குப் பின்னால் நான் நின்றேன். உனக்குப் பல் விழுந்து தலை நரைத்திருந்தது. வயது தாண்டிவிட்டது என்று உன்னை அனுப்பிவிட்டார்கள்; நீ காண்ட்ராக்ட் கூலியாகவே இருந்தாய். எனக்குப் பல் எல்லாம் இருந்தது. அதனால் எட்டு வயதைக் குறைத்துப் போட்டார்கள். பேர் எழுதிக்கொண்டிருந்தவர் தலை தூக்காமல் ஏதோ இங்கிலீஷில் கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவருக்குப் பொறுமை போயிற்று. "யாருய்யா நீ? யாரு?" என்றார்.

"கலியன் ஆளுங்க."

அவர் கேட்டது அப்பா பேர். நான் சொன்னது செட்டு பேர். அவர் எழுதிக்கொண்டார். எனக்கு உயிர் கொடுத்த அப்பன் முனியன் பேர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. குடும்பத்துக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்கு மருத்துவப் புத்தகம் போடும்போது வேறொருவர், "கலியன் உயிரோட இருக்காரா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை. "மந்தாரக்குப்பத்துல நல்லா இருக்காருங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு வருடம் நமக்கு ஒன்றும் தெரியாது. நீ ரத்தமாக இருமிய அன்று உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். காண்ட்ராக்ட் ஆளுக்கு அங்கே பார்ப்பதில்லை என்று தெரியும். கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான் போனேன். சீட்டு எழுதுகிறவர் என் புத்தகத்தைப் புரட்டினார்.

"கலியன்தானே? பேரு இருக்கே. உன் அப்பாவா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். உன் உதட்டில் ரத்தம் காயாமல் இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

அதுவரை நடந்தது தப்பு. அந்த ‘ஆமாங்க’ மட்டும் பொய். அதைச் சொன்ன வாய் என்னுடையது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் நீ சிரித்த சிரிப்பு! "டேய், ஒம்பது வயசுல எனக்குப் புள்ள பொறந்திருக்குதுடா. உன் அண்ணிக்குத் தெரிஞ்சா வெட்டிப்புடுவா." சிரித்துச் சிரித்து மறுபடி இருமினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினம் ஒரு ஊசி. ஒரு வருடத்துக்குக் குறையாமல் போட வேண்டும், நடுவில் விட்டால் நோய் திரும்பும் என்றார் டாக்டர். அந்தச் சின்ன வயது டாக்டரும் நீயும் போட்ட சண்டையை நான் மறக்கவில்லை.

"பெரியவரே, பீடிய விடணும்."

"என் நெஞ்சு, என் பீடி டாக்டரய்யா. சர்க்காருக்கு என்னா வந்தது?"

"தினமும் சர்க்கார் மருந்து உள்ள போவுதே. அப்ப பாதி நெஞ்சு சர்க்காருது."

"எந்தப் பாதின்னு சொல்லுங்க. மத்தப் பாதியில குடிச்சிக்கிறேன்."

டாக்டரே சிரித்துவிட்டார். ஆனால் திரும்பி நடந்து வரும்போது, ரயில்வே கேட்டு தாண்டியதும் மடியிலிருந்து பீடிக் கட்டை எடுத்து வீசினாய். "அவரு சொல்றது நியாயந்தான்டா. மருந்து குடுக்கிறவன் பீடியப் புடுங்கலாம். நான் ஊதிக் கெடுத்துக்கினு இருப்பேன், எவனோ வயல்ல பாடுபடுறவன் என் ஊசிக்கு வரி கட்டணுமா?" என்றாய். கொஞ்ச தூரம் போனதும் நீயே நின்றாய். "ஆனா சடையனும் இருமுறான். அவனுக்கு ஒருத்தனும் மருந்து குடுக்கல. அவன் பீடியப் புடுங்க யாருக்குடா பாத்தியதை இருக்குது?"

உன் பேச்சுக்கு நான் என்றைக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்?

ஐந்தாவது மாதம் உன் முகத்தில் சதை பிடித்திருந்தது. அப்போதுதான் மந்தாரக்குப்பம் டீக்கடையில் சடையன் அந்த வார்த்தையைச் சொன்னான். "கலியா, உனக்குப் பழுத்த புள்ள கெடைச்சிட்டான். எனக்கும் ஒரு புள்ளையப் பாரேன், பர்மனென்டா இருக்கிறவனா." கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்து முடித்த பிறகு உன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாய்.

மறுநாள் ஊசிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

"ஏண்ணே வரல?"

"இருமல் நின்னுபோச்சு. பாரு, இருமுறேனா?"

"நடுவுல விடக்கூடாதுன்னு சொன்னாரில்ல?"

"போடா. நீ என்னா எனக்கு அப்பனா?"

அதே வாரம்தான், மருத்துவப் புத்தகத்தில் உள்ள பேரையெல்லாம் சரிபார்க்கப் போகிறார்கள் என்று சுரங்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. அது உன் காதுக்கும் வந்ததா? என் வேலை போய்விடும் என்று நிறுத்தினாயா? இல்லை, சடையனுக்கு இல்லாதது உனக்கு எதற்கு என்று நிறுத்தினாயா? கடலூர் பெரியாஸ்பத்திரியில் யாருக்கும் இலவசம்தான், அங்கே போகலாம் என்று கெஞ்சினேன். தினம் ஊசி, தினம் பஸ். இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் காண்ட்ராக்டில் உன் பேர் இருக்காது. "நடக்கிற காரியமாடா?" என்றாய். அடைமழை தொடங்கியபோது இருமல் திரும்பி வந்தது. அது திரும்பிய வேகத்துக்கு எந்த மருந்தும் ஓடி வர முடியவில்லை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன்.

உன் காரியம் முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. அண்ணி இன்னும் காண்ட்ராக்டில்தான் கூடை தூக்குகிறார். போன மாதம் அஞ்சலைதான் முதலில் பார்த்தாள். "அக்கா முந்தானையில மூடிகினு இருமுது. துணியத் தனியா ஒளிச்சு வெச்சுத் துவைக்குது" என்றாள்.

அதே வாரம் கம்பெனியில் புதிய ஃபாரம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யார் யார் என்று தொழிலாளியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யாக எழுதினால் நடவடிக்கை என்று கீழே அச்சடித்திருந்தது. செக்‌ஷன் கிளார்க் வழக்கம்போல மைப் பெட்டியைத் தள்ளி, "பாவாடை, கட்டைவிரலை நீட்டு" என்றார்.

"பேனா குடுங்க சார்" என்றேன்.

"அடேங்கப்பா!" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அந்த ஒரு நிமிஷத்துக்காக ஏழு மாதம் போனது தகும் அண்ணே. மெல்ல எழுதி வருகிறேன் என்று ஃபாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அஞ்சலையிடம் படித்துக் காட்டினேன். தந்தை என்று ஒரு கட்டம், தாய் என்று ஒரு கட்டம். அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

"அப்பன் பேரு கலியன்னு ஏற்கெனவே இருக்குது. அப்ப அம்மா யாரு? பட்டு. எழுத்து ஒத்துப்போவுதே. அக்காவுக்கு இங்கியே ஊசி போடலாம். யாரு கேக்கப் போறான்?"

"பொய்யாச்சே."

"அண்ணனுக்குச் சொன்னப்ப பொய்யில்லியா?"

"அது வாயால சொன்னது."

"ஓகோ, கையால சொன்னாதான் பாவமா? பேனா புடிச்ச கை இப்ப வூட்டையே எழுதிக் குடுத்துடும் போலக்கிது."

அவள் சொன்னதில் என்ன தப்பு? என் வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். அவளுடைய சர்க்கரைக்கு மருந்து போகும். பொய் எழுதினால் எல்லாம் இருக்கும், அண்ணியும் பிழைப்பார். மெய் எழுதினால் எதுவும் நிச்சயம் இல்லை.

அண்ணியிடமே கேட்டேன். கூடையை இறக்கிவிட்டு, "எழுதுனா எழுது, எழுதாட்டி போ தம்பி. சீக்கிரம் சொல்லு. சேத்தியாத்தோப்பு பக்கம் நடவுக்குக் கூப்பிடுறாங்க, போவணும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை இருமினார்.

தாய் கட்டத்தில் ‘பட்டு’ என்று எழுத மூன்று எழுத்து போதும். ‘ப’ போட்டேன். பேனா நின்றுவிட்டது. சடையன் ஞாபகம் வந்தது. அவன் இப்போது வேலைக்கே வருவதில்லை. அவனுக்கு எந்தக் கட்டத்தில் யார் எழுதுவார்கள்? இன்னொருவன் இன்னொரு பொய்யைத் தேடிப் போக வேண்டுமா? மண் சுமந்த இருபது பேருக்கும் ஆளுக்கு ஒரு பொய்ப் பிள்ளை தேட முடியுமா?

அந்த ‘ப’வை அடித்தேன். தாய் இறந்துவிட்டார் என்று எழுதினேன். தந்தை கட்டத்தில், ‘கலியன் என் தகப்பனார் அல்ல. என் தகப்பனார் முனியன், இறந்துவிட்டார்’ என்று எழுதினேன். பின்பக்கம் திருப்பி, இடம் இருந்தமட்டும் இப்படி எழுதினேன்: ‘பட்டு என்கிற இந்த அம்மாள் எனக்கு உறவு இல்லை. சுரங்கத்தில் பல வருடமாக மண் சுமக்கிறார். இருமுகிறார். இவருக்கும் இவரைப் போன்றவர்களுக்கும் இங்கேயே வைத்தியம் வேண்டும்.’

அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான். "என் பேரு எது? காட்டு." விரலை வைத்துக் காட்டினேன். "இம்மாந்துண்டுதானா நானு?" என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருந்துட்டுப் போவட்டும், அழிக்காத" என்றார்.

கிளார்க் படித்தார். முகம் மாறியது.

"இது என்னாய்யா எழுதியிருக்க?"

"படிக்க முடியுதுங்களா சார்?"

"அதான் பிரச்சினையே. நல்லா முடியுது." குரலைத் தாழ்த்தினார். "யோவ், இத நான் பாக்கல. வேற ஃபாரம் தர்றேன். அந்தம்மா பேர அம்மான்னு போட்டுட்டுப் போ. ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"வேணாங்க சார்."

"உன் உண்மைக்கு அந்தம்மா இருமணுமா?"

அண்ணே, அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கேட்டதும் நியாயம்தான். "அந்தம்மாவுக்கு நான் புள்ளையாயிடலாம் சார். சடையனுக்கு யாரு?" என்றேன்.

"சடையன் யாருய்யா?"

"பாருங்க, உங்களுக்கே தெரியல."

"எல்லாருக்கும் ஊசின்னா மருந்துக்கு எங்கய்யா போறது?"

"மண்ணு வெட்டணும்னப்ப எல்லாரையும்தான் கூப்பிட்டாங்க. இத்தினி ஆளுக்கு எங்க போறதுன்னு அப்ப யாரும் கேக்கலியே சார்."

அவர் ஃபாரத்தை மேலிடத்துக்குப் போகிற காகிதக் கட்டோடு சேர்த்து வைத்தார்.

நான்கு நாளில் காகிதம் வந்தது. நானே படித்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். பின்பக்கம் நான் எழுதியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ‘விளக்கம்’ என்ற சொல்லுக்குள் ‘விளக்கு’ இருப்பதை அன்றுதான் பார்த்தேன். பயத்திலும் அது அழகாகத்தான் இருந்தது.

கிளார்க் வழியில் என்னை நிறுத்தி, "படிக்கத் தெரியாத காலத்துல தெரியாம நடந்துதுன்னு எழுதிக் குடு. எச்சரிக்கையோட விட்டாலும் விட்டுடுவாங்க" என்றார். ரிஜிஸ்தரில் ஏறியது தெரியாமல்தான். ஆனால் சீட்டு எழுதுகிறவரிடம் ‘ஆமாங்க’ என்றது?

அதற்குள் அண்ணியை இந்தச் செவ்வாய்க்கிழமை கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கூட்டம் தாங்கவில்லை. மதியம் வரை தரையில் உட்கார்ந்திருந்தோம். நம் முறை வந்ததும் பேர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார்கள். நான் யார் என்று கேட்கவே இல்லை. நாலைந்து பதில் தயார் செய்து வைத்திருந்தேன், எல்லாம் வீண். எக்ஸ்ரே எடுத்தார்கள். உனக்கு வந்ததுதான். இப்போது தினம் ஊசி இல்லையாம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் ஊசி, கூட மாத்திரை. ஒரு வருடம்.

திரும்பும்போது, சர்க்கார் மருந்தையும் சடையனையும் பற்றி நீ அன்று கேட்டதற்குப் பதில் பஸ்ஸில் கிடைத்தது. சர்க்கார் நமக்கு அப்பன் மாதிரி இருக்க வேண்டாம் அண்ணே. அப்பன் என்றால் யார் பிள்ளை என்று கேட்பான். நம்ம பிளாக் முக்கில் இருக்கிற தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தால் போதும். குடம் வைத்தவனுக்கெல்லாம் தண்ணீர். குழாய் போடுவது அவர்கள் பொறுப்பு. குடத்தைக் கழுவித் தூக்கிப் போவது நம் பொறுப்பு. அந்தக் குழாய் கடலூரில் மட்டும் இருந்தால் இருமுகிறவள் எப்படித் தூக்கி வருவாள்? இதைத்தான் வெள்ளிக்கிழமை கேட்கப் போகிறேன். கேட்பார்களா, எனக்குத் தெரியாது.

இனி வாரத்தில் இரண்டு நாள் வர முடியாது என்றதும் காண்ட்ராக்டில் அண்ணி பேரை அடித்துவிட்டார்கள். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஊசி நாளும் கூட. என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை தன் முந்தானையைச் செருகிக்கொண்டு, "நீ ஆபீசுக்குப் போ. அக்காவ நான் கூட்டிகினு போறேன். பஸ்ஸு பேரு மட்டும் ஒரு காகிதத்துல பெருசா எழுதிக் குடு, பாத்து ஏறிக்கிறோம்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். சண்டைக்காரிதான், ஆனால் அதற்குப் பிறகு எனக்கு வேலை போகுமா என்று அவள் ஒரு முறை கூடக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ‘தெரிந்துதான் சொன்னேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வேலை போனால் மறுபடி கூடை தூக்குவேன். தூக்கின தலைதானே.

ஆனால் உனக்குத் தருகிற வாக்கு அதுவல்ல. அண்ணிக்கு ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி கூடத் தவறாது. உடம்பு தேறும், சதை பிடிக்கும், போதும் விடு என்பார். திட்டுவார். வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பப் பார்ப்பார். நீ அனுப்பினாய், நான் திரும்பிவிட்டேன். அண்ணன் பேச்சை மீறக் கூடாது என்று உனக்கு மரியாதை பார்த்தேன். அன்றைக்கு உன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போயிருக்க வேண்டும் அண்ணே. அண்ணியை இழுத்துப் போவேன்.

இனி மரியாதை பார்க்காத உன் தம்பி,
மு. பாவாடை